கோலார் தங்கச் சுரங்கமும் எட்டாம் நம்பர் பில்லையும்

கடத்தூரிலிருந்து தர்மபுரிக்கு முதல் பஸ் காலை ஐந்தரைக்கு. கட்டணம் எழுபத்தைந்து பைசா. பதினைந்து மைல் என்று சொல்லிக்கொண்டிருந்த தூரத்தை இப்போது கல்லில் இருபத்து நாலு கிலோமீட்டர் என்று எழுதிவிட்டார்கள். ஊர் என்னவோ அதே இடத்தில்தான் இருக்கிறது. 1972ஆம் வருடம் தவக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை, அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் மாற்று வேட்டி, சட்டை, துண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

நான் பதிவாபீசுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன். நான்கெல்லை பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. வீட்டில் காபி சூடாக இருக்கிறது என்று சொன்னால்கூட டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வேன் என்று என் மனைவி கேலி செய்வாள். அப்படிப்பட்டவனிடம் மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் மரியதாஸ், கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை, நல்ல குடும்பம், பூர்வீகம் நம்ம பக்கம்தான் என்றார்கள். எல்லாரும் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவார்கள். நான் அவர் வேலை பார்க்கும் இடத்தையும் பார்ப்பேன் என்றேன். அது பூமிக்குள்ளே மூவாயிரம் அடியில் இருக்கிறது என்றார்கள். பூமிக்குள்ளே என்றால் பூமிக்குள்ளே, எனக்கென்ன என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். பத்தே நாளில் அந்தப் பையனிடமிருந்து தபால் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சேலத்துக் கல்லூரி மாணவர்கள் சுரங்கம் பார்க்க வருகிறார்கள், அவர்களோடு உங்களுக்கும் அனுமதி வாங்கியிருக்கிறேன் என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார். சொன்ன சொல்லை மென்று விழுங்க வழியில்லாமல் போயிற்று.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் என் மகள் ஸ்டெல்லா கூடவே வந்தாள். இருபத்திரண்டு வயது, ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். கழுத்துக் கயிற்றிலிருந்த அந்தோணியார் சுரூபத்தைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டாள். வட்டமான பித்தளைச் சுரூபம், எட்டணா அகலம், சிறுவயதிலிருந்து அவள் கழுத்தில் கிடந்து முகமெல்லாம் தேய்ந்துபோனது.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வாங்க," என்றாள். "உள்ள எறங்குனவரு மேல வந்துட்டாருன்னு வூட்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் வூட்டுக்கு வந்தா தெரியும். இது ஒரு கேள்வியா?"

"வர்ற வரைக்கும்?"

அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

தர்மபுரியில் ஆறரை. அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு ரூபாய் நாற்பது பைசா. வழியெல்லாம் மாந்தோப்புகள் பூவெடுத்து நின்றன. ஜன்னலைத் திறந்தாலே வாசனை மூக்கில் ஏறியது. கிருஷ்ணகிரியில் இரண்டு இட்லி, ஒரு காபி, மொத்தம் நாற்பது பைசா. சட்னி மோசம். குப்பம் போகும் பஸ் ஒவ்வொரு புளியமரத்துக்கும் மரியாதை செய்துகொண்டு போயிற்று. எல்லை தாண்டியதும் பெயர்ப்பலகைகள் தெலுங்காகிவிட்டன. ஆனால் பஸ்ஸுக்குள் சண்டை மட்டும் தமிழிலேயே தொடர்ந்தது.

குப்பத்தில் பதினொன்றேகால் பாசஞ்சர் ரயில். எனக்கு எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கால்களுக்கு நடுவே ஒரு மூட்டை கேழ்வரகோடு உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தொழிலாளி, மாமியார் ஊரிலிருந்து திரும்புகிறார்.

"எங்க போறீங்க?" என்றார்.

"தங்கவயலுக்கு. சுரங்கம் பாக்க."

"வேலைக்கா?"

"இல்லீங்க. சும்மா பாக்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் முப்பது வருசமா அதைப் பாக்காம இருக்க எதனா வழி உண்டான்னு தேடிக்கினு இருக்கேன். நீங்க டிக்கெட் எடுத்துக்கினு வர்றீங்களே!" என்று சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தார். பெட்டி முழுக்கச் சிரித்தது. நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன்.

பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் போகும் கிளை ரயிலில் ஏறினேன். பத்து மைல், நாற்பது பைசா. ஊரை நெருங்க நெருங்கச் சாம்பல் நிறத்தில் மலைகள் தெரிந்தன. புல் பூண்டு ஒன்றும் இல்லை. தீர்த்தமலையையும் வத்தல்மலையையும் பார்த்து வளர்ந்த எனக்கு, பச்சையே இல்லாத மலை புதிது. மூட்டைக்காரரிடம் பெயர் கேட்டேன். அது மலை இல்லை, கல்லை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் என்றார். நான் கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தேன். இத்தனையையும் மனிதர்கள் அடியிலிருந்து மேலே கொண்டு வந்திருக்கிறார்கள்! ஆண்டவர் கட்டிய மலைகளுக்குப் பக்கத்தில் ஆட்கள் கட்டிய மலை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். ஒரு நாளைக்கு மூன்று ரூபாய். மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கலாமே என்று படிப்பவர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் பேச்சு முடிவாகாத வரைக்கும் பெண் வீட்டார் அங்கே கை நனைப்பதில்லை. தண்ணீர் குடிக்கலாம், சோறு கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தமாகிவிடும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே வரிசையாகத் தகரக் கூரை போட்ட லைன் வீடுகள். ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். நான்கெல்லை எழுத வேண்டுமென்றால் பத்திரக்காரன் பாடு திண்டாட்டம். வாசலில் கோலமும் உண்டு, கதவில் சிலுவையும் உண்டு. மரியதாஸுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அகலமான தோள், குறைவான பேச்சு. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. அவர் அம்மா லூர்தம்மாள் காபியோடு வந்து, நான் மறுத்ததும் புரிந்துகொண்டு, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அப்போதுதான் அது நடந்தது. தரை லேசாக அதிர்ந்தது. அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. நான் எழுந்தே விட்டேன். வேறு யாரும் அசையவில்லை. லூர்தம்மாள் மட்டும் மகனை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, சரிந்த தட்டை நேராக வைத்தார்.

"ஒண்ணுமில்லீங்க. கீழ பாறை தானா வெடிக்குது. பழகிப்போயிடும்," என்றார். "அவன் மேலதானே உக்காந்திருக்கான்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கீழே இருக்கும்போது பாத்திரம் ஆடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் லாட்ஜுக்குத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுரங்க வாசலில் இருந்தேன். கல்லூரி மாணவர்கள் ஆறு பேர், அவர்கள் பேராசிரியர், நான், ஆக எட்டுப் பேர். எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர் மேஸ்திரி கோவிந்தப்பா. கூட்டாளியிடம் தெலுங்கு, மேலதிகாரியிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசினார். காக்கி மேலங்கி, தொப்பி, தொப்பியில் விளக்கு, இடுப்பில் அதற்கான பேட்டரி, கனத்த பூட்ஸ் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டதும் பேராசிரியரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

குழியின் வாயருகே ஓர் அறை. அதன் சுவர் முழுக்க ஒரு பெரிய பலகை. பலகையில் வரிசை வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். அங்கிருந்த குமாஸ்தா ஆளுக்கொரு பித்தளைப் பில்லையை எடுத்துக் கொடுத்தார். என்னுடையது எட்டு.

"இதைக் கெட்டியா வெச்சுக்கணும்," என்றார் மேஸ்திரி. "ஆணியில பில்லை இருந்தா ஆளு மேல இருக்கான். ஆணி காலியா இருந்தா ஆளு கீழ இருக்கான். இங்க அதுதான் சட்டம், அதுதான் சாமி."

நான் கேட்டுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் என் கண் எல்லாம் வெளியே தெரிந்த இரும்புக் கோபுரத்தின் உச்சியில் சுழன்ற சக்கரத்தின் மேல்தான். பில்லையை மேலங்கிக்குள் கைவிட்டுச் சட்டைப்பையில் போட்டேன். அங்கே அந்தோணியார் ஏற்கெனவே இருந்தார்.

கூண்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். மணி அடித்தது. அடுத்த நொடி கால் கீழே போய்விட்டது, வயிறு மேலேயே நின்றுவிட்டது. கிணற்றில் விட்ட வாளி கயிறு நழுவிப் போகுமே, அப்படி விழுந்தோம். காது அடைத்தது. பாறைச் சுவர் முகத்துக்கு முன்னே மேல்நோக்கி ஓடியது. மாணவர்களில் ஒருவன் ஊவென்று கத்தினான், பிறகு கத்தவில்லை. மூவாயிரம் அடி என்பதைக் காகிதத்தில் எழுதினால் ஒரு வரிகூட ஆகாது. கூண்டில் போனால்தான் அது எவ்வளவு என்று தெரிகிறது. நின்றபோது தரைக்கும் கூண்டுக்கும் ஓர் அங்குலம்கூட வித்தியாசமில்லை. மேலே ஒருவர் கண்ணால் பார்க்காமலே, மணிச் சத்தத்தையும் ஆழம் காட்டும் முள்ளையும் நம்பி எங்களை அத்தனை துல்லியமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அந்த ஆளை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

இருட்டாக இருக்கும் என்று பயந்தவனுக்கு ஆச்சரியம். கூண்டு நிற்கும் இடத்தில் சுண்ணாம்பு அடித்து, விளக்குப் போட்டு, ரயில் நிலையம் போல வைத்திருந்தார்கள். தண்டவாளத்தில் தள்ளுவண்டிகள் கல் சுமந்து போயின. மேலிருந்து குளிர்ந்த காற்றைக் குழாய் வழியாக அனுப்புகிறார்கள். குழாயை விட்டு நாலடி தள்ளினால் அடுப்படிச் சூடு. இது மூவாயிரம் அடிதான், இன்னும் எத்தனையோ ஆயிரம் அடி கீழேயும் ஆட்கள் வேலை செய்கிறார்கள், அங்கே பாறையில் கை வைத்தாலே சுடும் என்றார் மேஸ்திரி.

"தங்கம் எங்கங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான். நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி சுவரில் ஓடிய ஒரு வெள்ளைக் கல் பட்டையின் மேல் விளக்கைக் காட்டினார். "இதுக்குள்ள இருக்கு. வண்டி வண்டியா அரைச்சா ஒரு மூக்குத்திக்கு வரும். பாத்தா பளபளன்னு தெரியற தங்கம் கடைவீதியில தம்பி, இங்க இல்ல."

நிலம் விற்கும் ஒவ்வொரு பத்திரத்திலும் 'நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்' என்று எழுதி எழுதி என் கை தேய்ந்திருக்கிறது. புதையலையும் நீரையும் மரத்தையும் கல்லையும் சேர்த்தே விற்கிறேன் என்று பொருள். கரட்டு நிலத்துக்குக்கூட அப்படியே எழுதிவிடுவேன். அந்த நிதியை எடுப்பது என்றால் என்ன என்று இருபத்தைந்து வருடத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது. வியர்வையில் நனைந்த அந்த மனிதர்கள் எனக்கு மிகப் பெரியவர்களாகத் தெரிந்தார்கள்.

அரை மைல் நடந்தபின் மரியதாஸைப் பார்த்தோம். கையில் ஒரு நீளக் கடப்பாரை. மூச்சு வாங்கியதால் பக்கத்திலிருந்த பாறையில் சாயப்போனேன்.

"அதுல சாயாதீங்க!" என்று ஓர் அதட்டல். முந்தின நாள் பேசவே கூச்சப்பட்டவர் குரலா அது என்று திடுக்கிட்டேன். அவர் அந்தப் பாறையைக் கடப்பாரையால் தட்டினார். பொத்தென்று கேட்டது. இரண்டடி தள்ளித் தட்டினார். கணீரென்று கேட்டது.

"கணீர்னு கேட்டா கெட்டி. பொத்துனு கேட்டா உள்ளாற விட்டுப்போச்சு. அங்கதான் மரம் கொடுக்கணும்," என்றார். சந்தையில் பானை வாங்குபவர்கள் செய்கிற அதே வேலை. இங்கே ஓட்டைப் பானையைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

அந்தச் சமயம் எங்கோ ஆழத்தில் ஒரு வெடிப்பு. கூரையிலிருந்து மாவு சலித்தாற்போலத் தூசி கொட்டியது. மரியதாஸின் கை என் மார்பில் வந்து பதிந்து, என்னை முட்டுமரத்தோடு சேர்த்து அழுத்தியது. பத்து எண்ணும் நேரம் போயிருக்கும். பிறகு அவர் கையை எடுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க, தூரத்துல," என்றார். அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் நான் முடிவு செய்துவிட்டேன். ஆள் தங்கம், வேலை அருமை, ஆனால் என் பெண்ணை இங்கே கொடுப்பதில்லை. பாத்திரம் ஆடும்போதெல்லாம் அவள் உயிர் ஆடக் கூடாது.

பன்னிரண்டரைக்கு மேலே வந்தோம். வெயில் கண்ணில் அறைந்தது. குமாஸ்தா ஒரு தகரப் பெட்டியை நீட்டினார். கண்ணில் நீர் வழிய, பையிலிருந்து விரலுக்கு அகப்பட்ட பித்தளை வட்டத்தை எடுத்துப் போட்டேன். அவர் சத்தத்தை வைத்தே எட்டு எண்ணி, "சரி, போங்க," என்றார். ஷிப்ட் முடிந்து எல்லாரும் மேலே வந்தபின் மொத்தமாகத்தான் பில்லைகளை ஆணியில் மாட்டுவார்களாம்.

"மரியதாஸ் ரெண்டு மணிக்கு வந்துருவாரு. உக்காருங்க, வூட்டுக்குக் கூட்டிக்கினு போவாரு. அவங்கம்மா காலையிலேருந்து சமைக்கறாங்க," என்றார் மேஸ்திரி.

சரி என்று தலையாட்டினேன். அவர் அந்தப்பக்கம் திரும்பியதும் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லத் தெம்பில்லை. ஊருக்குப் போய் ஒரு கார்டு போட்டுவிடலாம் என்று கணக்கு. ஐம்பது வயதில் திருடனைப் போல நழுவினேன்.

மாரிக்குப்பம் ஸ்டேஷன் ஒன்றரை மைல். இரண்டு நாற்பதுக்குத்தான் ரயில். ஒரு பன், இரண்டு டீ, முப்பத்தைந்து பைசா. இரண்டரைக்கு டிக்கெட் ஜன்னல் திறந்தது. சட்டைப்பையில் இருந்த சில்லறையை அள்ளி நீட்டினேன். நாலணாக்களுக்கு நடுவே வட்டமாக, பளபளப்பாக, எட்டு என்ற எண்ணோடு அது கிடந்தது.

டிக்கெட் கொடுப்பவர் உள்ளூர்க்காரர், அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சார், இதை வெச்சிக்கினு இங்க நிக்கிறீங்களா?"

"தெரியாம வந்துருச்சுங்க. ஊருக்குப் போய்த் தபால்ல அனுப்பிடறேன்."

"தபாலா? உங்க ஆணி காலியா இருக்கும் சார்! ஷிப்ட் முடிஞ்சதும் பாறைக்கு வெடி வெக்கணும், அது நெறையாம அங்க யாரும் வெக்க மாட்டாங்க. இந்நேரம் உங்களைத் தேடிக்கினு உள்ள எறங்கியிருப்பாங்க!"

ரயில் வந்து நின்றது. நான் பில்லையும் கையுமாக நின்றேன். டீக்கடைக்காரர்தான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார். பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு அந்த ஒன்றரை மைலும் எழுந்து நின்று மிதித்தார். என்னோடு போயிருக்க வேண்டிய ரயில் ஊதிக்கொண்டு போவது கேட்டது.

சுரங்க வாசலில் நாற்பது ஐம்பது பெண்கள் நின்றிருந்தார்கள். ஓர் ஆள் மேலே வரவில்லை என்ற செய்தி லைனுக்குப் போயிருக்கிறது. யார் என்று தெரியாததால் எல்லாரும் வந்துவிட்டார்கள். சிலர் கையில் மாவு ஒட்டியிருந்தது. ஒருவரும் அழவில்லை. அவர்கள் நடுவே லூர்தம்மாள்.

என்னைப் பார்த்ததும் அவர் உற்றுப் பார்த்தார். "நீங்க மேலயா இருக்கீங்க?" என்றார்.

நான் பில்லையைக் காட்டினேன். வேறென்ன காட்டுவது? குமாஸ்தா ஓடிவந்து அதை வாங்கிப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார். ஷிப்ட் முடிந்து மாட்டும்போது எட்டாம் நம்பர் ஆணி காலி. பெட்டியின் அடியில் ஒரு அந்தோணியார். யாரோ மாற்றிப் போட்டிருக்கலாம் என்று அவருக்கும் தோன்றியதாம். ஆனால் தோன்றியதை வைத்து வெடி வைக்க முடியாது. மேஸ்திரி என்னை மேலே பார்த்தது உண்மைதான், ஆனால் மரியதாஸைத் தேடிக்கொண்டு நான் மறுபடியும் இறங்கியிருக்கலாமே என்ற சந்தேகம்; மேலே எங்கும் நான் இல்லை. வேலை முடித்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மரியதாஸ் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் இறங்கிவிட்டார்.

"அவரு கிடைச்சிட்டாரு, மேல வாங்க!" என்று கீழே போனில் சொன்னார்கள். ஆனால் அவர்கள் தள்ளி ஏதோ சந்துக்குள் போய்த் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆள் விட்டுக் கூப்பிட வேண்டும். காத்திருக்க வேண்டியதுதான்.

நாற்பது நிமிடம். என் வாழ்நாளில் அத்தனை நீளமான நாற்பது நிமிடம் இருந்ததில்லை. எனக்காகக் கீழே போனவர் மேலே வரவேண்டும். வழியில் பொத்தென்று கேட்கிற பாறைகள் எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதைப் பாக்காதீங்க, தலைசுத்தும்," என்றார் லூர்தம்மாள். என் மேல் கோபம் இருந்தது குரலில், ஆனாலும் சொல்லிக் கொடுத்தார். ஜன்னல் வழியாகப் பலகையைக் காட்டினார். "அங்க பாருங்க. மூணாவது வரிசை, கடைசி ஆணி. எம்மவனோடது. அது நெறஞ்சா வூட்டுக்குப் போயிடலாம். நாங்க இத்தினி பேரும் அதைத்தான் பாக்கறோம்."

நான் அந்த வெற்று ஆணியைப் பார்த்தேன். ஸ்டெல்லா கேட்ட கேள்வியை இரண்டு நாளாக யாரிடமும் கேட்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றரைக்கு மணி அடித்தது. சக்கரம் சுழன்றது. கூண்டுக் கதவு திறந்து, முகமெல்லாம் தூசியோடு மரியதாஸ் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"சொல்லிட்டுப் போகக் கூடாதுங்களா?" என்று கத்தினார். பெண் கொடுக்க வந்தவன் என்று பார்க்கவில்லை, பெரியவன் என்றும் பார்க்கவில்லை. "ஒரு ஆளு கீழ இருக்கான்னு எத்தினி பேரு நிக்கறாங்க பாருங்க!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தனை நியாயமான கோபத்தை நான் வாங்கியதில்லை. அவர் குமாஸ்தாவிடமிருந்து எட்டாம் நம்பரை வாங்கி ஆணியில் மாட்டினார். பிறகு தன் பில்லையை மூன்றாவது வரிசையின் கடைசியில் மாட்டினார். பெண்கள் கலைந்தார்கள். ஒருவர் மட்டும் போகிற போக்கில், "இவருதானா அது?" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் காலடியில் வரிசையாக அதிர்வுகள். எனக்காகக் காத்திருந்த வெடிகள். அந்த முறை நான் பயப்படவில்லை.

மரியதாஸ் பையிலிருந்து சுரூபத்தை எடுத்து நீட்டினார். "உங்களுதுங்களா? அடையாளத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனேன்."

"என்னோடது இல்லீங்க. எம் மகளோடது," என்றேன். "நீங்களே வெச்சுக்குங்க. ஈஸ்டருக்கு அப்புறம் நேர்ல கொண்டுவந்து குடுங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. அவர் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"வூட்டுல என்னங்க சமைச்சிருக்கீங்க?" என்று லூர்தம்மாளைக் கேட்டேன்.

"தவக்கால வெள்ளிக்கெழமையாச்சே, கறி ஆக்கக் கூடாது. களியும் கருவாட்டுக் கொழம்பும்தான். ஆறிப்போயிருக்கும்."

ஆறித்தான் போயிருந்தது. அந்தத் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து, இரண்டு உருண்டை களி தின்றேன். சாப்பிடும்போது பாத்திரங்கள் ஒருதரம் கிணுகிணுத்தன. தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கிளம்பிச் சனிக்கிழமை நாலு மணிக்குக் கடத்தூர் வந்து சேர்ந்தேன். போகவர, தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்துப் பதினேழு ரூபாய் சொச்சம். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது எங்கள் தெருவில் வேலைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று எங்கள் ஊரில் யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டிய அவசியமும் எங்களுக்கு வந்ததில்லை. தங்கவயலில் பாதுகாப்பும் அந்த எண்ணிக்கைதான், பயமும் அதே எண்ணிக்கைதான். என் பெண் அதற்குப் பழக வேண்டும். அதை நினைத்து நடையில் கொஞ்சம் தளர்ந்தேன், மறைக்கவில்லை.

ஸ்டெல்லா வாசலில் நின்றிருந்தாள். தண்ணீர்கூடக் கொடுக்காமல், "கேட்டீங்களாப்பா?" என்றாள்.

"கேக்கலம்மா. பாத்துட்டு வந்தேன்." ஆணியையும் பில்லையையும் சொன்னேன். லூர்தம்மாள் எங்கே பார்க்கச் சொன்னார் என்பதையும் சொன்னேன்.

அவள் யோசித்தாள். "அப்ப ஆணி நெறையவே இல்லைன்னா?"

"எறங்கித் தேடுவாங்க. என்னைத் தேடினாங்க."

"உங்களையா? யாரு எறங்குனது?"

"உன் சுரூபம் யாருகிட்ட இருக்குதோ, அவரு."

அவள் கை கழுத்துக்குப் போயிற்று. கயிற்றில் ஒன்றும் இல்லை. அந்த வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "மூணாவது வரிசையில எத்தனாவது ஆணின்னு சொன்னீங்க?" என்றாள்.